'கிளாவிஸ்' முதல் 'சாவி' வரை: ஒரு லத்தீன் சொல்லைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்தச் சொல்லைப் பற்றிய பக்கம் இது? ஏன் இந்தச் சொல்?

லத்தீன் மொழியில் பூட்டைத் திறக்கும் கருவிக்கு 'கிளாவிஸ்' என்று பெயர். அந்த ஒரு சொல் இத்தாலியம், ஸ்பானியம், போர்த்துகீசியம், பிரெஞ்சு, கத்தலான் (ஸ்பெயினின் வடகிழக்கில் பேசப்படுவது), ஆக்சித்தான் (பிரான்சின் தெற்கில் பேசப்படுவது), ருமேனியம், சார்தீனியம் (இத்தாலியின் சார்தீனியத் தீவில் பேசப்படுவது) ஆகிய மொழிகளில் என்னென்ன வடிவம் கொண்டது, என்னென்ன பொருள் ஏற்றது என்பதே இங்குப் பேசப்படும் செய்தி. இதே சொல்தான் போர்த்துகீசியர் வழியாகத் தமிழுக்கு வந்து, நாம் நாள்தோறும் இடுப்பில் செருகியும் பையில் போட்டும் தேடியும் திரிகிற 'சாவி' ஆயிற்று. நம் வீட்டுக்குள்ளேயே முடியும் பயணம் என்பதால், லத்தீன் வழிமொழிகளின் ஒலிமாற்றத்தைத் தமிழ் வாசகருக்கு விளக்க இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை.

தமிழ் எழுத்தில் இந்தச் சொற்களை எழுதினால் உச்சரிப்பு சரியாக வருமா?

முழுமையாக வராது. மொழிமுதலில் இரண்டு மெய்கள் சேர்ந்து வருவதைத் தமிழ் ஏற்பதில்லை என்பதால் 'கிளாவிஸ்' என்று இகரம் சேர்த்து எழுதுகிறோம். லத்தீனில் ககரமும் லகரமும் இடையில் உயிர் இல்லாமல் ஒட்டியே ஒலித்தன. அந்தச் சேர்க்கை தெரிய வேண்டிய இடங்களில் 'க்ளே', 'க்ளௌ' என்று தமிழ் மரபை மீறி எழுதியிருக்கிறேன். போர்த்துகீசியச் சொற்களில் வரும் சகரத்தைப் 'பச்சை' என்பதில் ஒலிக்கும் சகரமாகவே படிக்க வேண்டும். இந்த ஒரு நுணுக்கம் பின்னால் மிகவும் தேவைப்படும்.

லத்தீனில் 'கிளாவிஸ்' என்பதன் பொருள் என்ன? அதன் உறவுச் சொற்கள் எவை?

சாவி என்பதே முதன்மைப் பொருள். ஆனால் மிகப் பழைய காலத்துச் சாவி இன்றைய சாவியைப் போன்றதன்று. கதவின் துளை வழியே நுழைத்து உள்தாழ்ப்பாளை இழுக்கும் வளைந்த கொக்கியாகவோ முளையாகவோ அது இருந்தது. ஆகவே ஆணியைக் குறிக்கும் 'கிளாவுஸ்', மூடுதலைக் குறிக்கும் 'கிளாவுதெரே' ஆகிய சொற்களோடு இது ஒரே வேரில் பிறந்தது வியப்பில்லை. கிரேக்கத்தில் 'க்ளேயிஸ்' என்பதும் இதே குடும்பம். அது சாவியையும் குறித்தது, கழுத்தெலும்பையும் குறித்தது. லத்தீனில் 'சிறு சாவி' என்று பொருள்படும் 'கிளாவிகுலா' என்ற சொல் பின்னர் கழுத்தெலும்புக்கு மருத்துவப் பெயரானது.

ரோமானிய வீட்டில் சாவி வெறும் கருவியாக மட்டும் இருக்கவில்லை. மனைவியிடமிருந்து சாவிகளைத் திரும்பப் பெற்றுக்கொள்வது மணவிலக்கின் அடையாளமாக இருந்தது, கி.மு. 44இல் மார்க் ஆண்டனியைத் தாக்கி எழுதிய உரையில் ரோமானியப் பேச்சாளர் சிசரோ இதை ரோமின் பழைய எழுத்துச் சட்டமான 12 பலகைச் சட்டத்தோடு இணைத்துக் குறிப்பிடுகிறார். கொத்துச்சாவி யார் கையில் இருக்கிறதோ அவரே வீட்டை ஆள்பவர் என்ற எண்ணம் நமக்கும் அறிமுகமானதுதான்.

இன்றைய மொழிகளில் அதன் வடிவங்கள் எவை?

இத்தாலியத்தில் 'கியாவே'. ஸ்பானியத்தில் பழைய முறையில் 'ல்யாவே', இன்று பெரும்பாலோர் வாயில் 'யாவே'. போர்த்துகீசியத்தில் முன்பு 'சாவெ'; இன்று லிஸ்பனில் ஈற்றுயிர் ஏறக்குறைய மறைந்து 'ஷாவ்', பிரேசிலில் 'ஷாவி'. ஸ்பெயினின் வடமேற்கு மூலையில் பேசப்படும் கலீசியத்தில் இன்றும் 'சாவே'. பிரெஞ்சில் 'க்ளே'. கத்தலானிலும் ஆக்சித்தானிலும் 'க்ளௌ'. ருமேனியத்தில் 'கேயே'. சார்தீனியத்தின் லொகுதோரேசு வழக்கில் 'க்ராயே'. ஆல்ப்ஸ் மலைப்பகுதியின் சிறு மொழிகளான ஃப்ரியூலியத்தில் 'க்ளாஃப்', ரோமான்ஷில் 'க்ளாவ்'.

இவை எல்லாம் லத்தீனின் எழுவாய் வடிவத்திலிருந்து வரவில்லை. பேச்சு லத்தீனில் வேற்றுமைகள் ஒவ்வொன்றாய் அழிந்தபோது பெரும்பாலும் எஞ்சி நின்றது இரண்டாம் வேற்றுமை வடிவமே. ஆகவே நாம் தொடக்கமாகக் கொள்ள வேண்டியது 'கிளாவெம்'. அதன் ஈற்று மகரமும் பேச்சில் மிக முன்னதாகவே விழுந்துவிட்டது.

ஒரே சொல் இவ்வளவு வெவ்வேறாக ஒலிப்பது ஏன்? இதில் ஏதேனும் ஒழுங்கு உண்டா?

உண்டு, அதுவும் மிகக் கண்டிப்பான ஒழுங்கு. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விடையை மட்டும் நிதானமாகப் படிக்க நேரம் இருந்தால் இதையே படியுங்கள் என்று கேட்டுக்கொள்வேன்.

சிக்கல் முழுவதும் சொல்லின் முதலில் நிற்கும் ககர லகரச் சேர்க்கையில் இருக்கிறது. பகரமும் லகரமும், ஃபகரமும் லகரமும் சேர்ந்து தொடங்கும் லத்தீன் சொற்களும் இதே பாதையில் போயின. 'நிறைந்த' என்று பொருள்படும் 'ப்ளேனுஸ்', 'தீச்சுடர்' என்னும் 'ஃப்ளாம்மா', 'கூவி அழைத்தல்' என்னும் 'க்ளாமாரே' ஆகிய மூன்றையும் 'கிளாவிஸ்' அருகே வைத்துப் பார்ப்போம்.

இத்தாலியம் முதல் மெய்யைக் காத்துக்கொண்டு லகரத்தை மட்டும் யகரமாக்கியது: 'ப்யேனோ', 'ஃப்யாம்மா', 'க்யாமாரே', 'கியாவே'. ஸ்பானியம் முதல் மெய்யையே விட்டுவிட்டு லகரத்தை அண்ணத்தில் ஒட்டிய 'ல்ய' ஒலியாக்கியது: 'ல்யேனோ', 'ல்யாமா', 'ல்யாமார்', 'ல்யாவே'. போர்த்துகீசியமும் கலீசியமும் இரண்டு மெய்களையும் உருக்கி ஒரே சகரமாக வார்த்தன: 'சேயோ', 'சாமா', 'சாமார்', 'சாவெ'. பிரெஞ்சும் கத்தலானும் சேர்க்கையை அப்படியே வைத்துக்கொண்டன. ருமேனியத்தின் போக்கு தனி: பகர, ஃபகரச் சேர்க்கைகள் அங்கே மாறவில்லை, ஆதலால் 'நிறைந்த' என்பது 'ப்ளின்', ககரச் சேர்க்கை மட்டும் இத்தாலியம் போல் மாறியதால் 'அழைத்தல்' 'கெமா' ஆயிற்று, சாவி 'கேயே' ஆயிற்று. உயிர்களுக்கிடையே நின்ற வகரமும் அங்கே கரைந்துவிட்டது. 'ஓவெம்' என்ற லத்தீன் ஆடு ருமேனியத்தில் 'வாயே' ஆனதும் அந்த வழியில்தான்.

'யாவே'யும் 'ஷாவி'யும் 'கேயே'யும் காதுக்குத் தொடர்பற்றவையாகத் தோன்றலாம். ஆனால் அழைத்தலுக்கும் சாவிக்கும் பொருளளவில் எந்தத் தொடர்பும் இல்லாதபோதும், அவ்விரு சொற்களின் முதல் ஒலி ஒவ்வொரு மொழியிலும் கைகோத்தே மாறியிருக்கிறது. சொற்பிறப்பியலுக்கு அடித்தளம் இந்த ஒழுங்குதான். இரண்டு சொற்கள் ஒன்றுபோல் ஒலிக்கின்றன என்பது ஒரு குறிப்பு மட்டுமே; அவை ஒரே விதிக்குள் அடங்குகின்றன என்பதே சான்று.

மொழிமுதல் மெய்ச்சேர்க்கையைத் தமிழும் பொறுப்பதில்லை என்று மேலே சொன்னேன். நாம் இடையில் ஓர் உயிரைச் செருகிக் 'கிளப்', 'பிளேட்டு' என்று பிரித்துக்கொள்கிறோம். போர்த்துகீசியர் பிரிக்காமல் உருக்கிவிட்டார்கள்.

பிரெஞ்சில் இரண்டு எழுத்துமுறைகள் இருப்பது ஏன்?

'க்ளே' என்ற ஒரே உச்சரிப்புக்கு, ஈற்றில் ஒலிக்காத ஃபகரத்துடன் ஒன்றும் அது இல்லாமல் ஒன்றுமாக இரண்டு எழுத்து வடிவங்கள் உள்ளன, இரண்டும் சரியானவையே. பிரெஞ்சில் ஈற்றில் நின்ற வகரம் ஃபகரமாக மாறியது. 'கப்பல்' என்னும் 'நாவெம்' 'நெஃப்' ஆனதும், 'ஒன்பது' என்னும் 'நோவெம்' 'நஃப்' என்பதற்கு நெருங்கிய ஒலி பெற்றதும் இவ்வாறுதான். பழைய பிரெஞ்சில் சாவியும் 'க்ளெஃப்' ஆகவே இருந்தது. பன்மையைக் காட்டும் 'ஸ்' ஒலிக்கு முன் அந்த ஃபகரம் விழுந்தது. பிறகு பன்மையின் வடிவம் ஒருமைக்கும் பரவியது. இடையில் இருந்த ஆகாரம் எகர ஒலியானது பிரெஞ்சின் தனி அடையாளம்: லத்தீன் 'மாரே', அதாவது கடல், அங்கே 'மேர்' ஆயிற்று.

ஸ்பானியத்தில் 'யாவே', 'கிளாவே' என இரண்டு சொற்கள் உள்ளனவே. எது சரி?

இரண்டும் சரி, இரண்டும் வேறு வேறு சொற்கள், இரண்டுக்கும் தாய் ஒன்றே. லத்தீன் வழிமொழிகளில் ஒரு சொல் இரண்டு வாயில்களால் நுழையக்கூடும். தலைமுறை தலைமுறையாக மக்கள் வாயில் புழங்கித் தேய்ந்து வருவது ஒரு வாயில். படித்தவர்கள் பழைய நூல்களிலிருந்து எடுத்து, தேய்மானம் இல்லாமல் அப்படியே கொண்டுவருவது மற்றொன்று. முன்னதை வழிவழிச் சொல் என்றும் பின்னதை நூல்வழிச் சொல் என்றும் சொல்லலாம்.

'யாவே' வழிவழிச் சொல். ஆகவே அது கையில் பிடிக்கிற பொருள்களோடு நிற்கிறது. வீட்டுச் சாவி, மரையாணி முடுக்கும் ஸ்பேனர், மெக்சிகோவிலும் சிலியிலும் தண்ணீர்க் குழாய், அர்ஜென்டினாவில் விளக்கின் சுவிட்ச், மற்போரில் எதிராளியின் கையையோ காலையோ அசையவிடாமல் மடக்கும் பிடி, கணினி நிரலில் வரும் வளைந்த அடைப்புக்குறி ஆகிய அனைத்தும் 'யாவே'தான். 'கிளாவே' நூல்வழிச் சொல்; அது எண்ணத்தோடு தொடர்புடையவற்றைக் குறிக்கிறது. மறைகுறியீடு, கடவுச்சொல், ஒரு புதிரை விடுவிக்கும் குறிப்பு, இசைத்தாளின் தொடக்கக் குறி, ஒரு செய்தியின் மையக் கருத்து எல்லாம் 'கிளாவே'. கட்டட வளைவின் உச்சியில் பொருத்தப்பட்டு மற்ற கற்களை நிலைநிறுத்தும் தலைக்கல்லுக்கும் அதே பெயர். கியூபாவில் ஒன்றோடொன்று தட்டி ஒலிக்கும் இரண்டு மரக்குச்சிகளும், அவை நடத்திச் செல்லும் தாள அமைப்பும் 'கிளாவே' என்றே அழைக்கப்படுகின்றன.

இந்த வேலைப் பிரிவினை எல்லா மொழிகளிலும் இல்லை. பிரெஞ்சின் 'க்ளே', இத்தாலியத்தின் 'கியாவே' ஆகியவை கருவியையும் கருத்தையும் ஒரே சொல்லில் சுமக்கின்றன: தலைக்கல்லும் அதுவே, இசைக்குறியும் அதுவே. போர்த்துகீசியத்தில் இசைக்குறிக்கு மட்டும் 'கிளாவே' உண்டு. மற்றவற்றை எல்லாம் 'ஷாவி'யே பார்த்துக்கொள்கிறது. பிரேசிலில் போட்டி ஆட்டங்களின் பிரிவும் 'ஷாவி'; டென்னிஸில் தரவரிசை பெற்று நுழையும் ஆட்டக்காரர் 'ஷாவியின் தலை'. ஒன்றைச் சிறப்பாக நிறைவு செய்வதை 'பொற்சாவியால் மூடுதல்' என்று போர்த்துகீசியம் சொல்கிறது. பிரெஞ்சில் 'சாவியைக் கதவுக்கடியில் வைத்தல்' என்றால் கடையையோ தொழிலையோ மூடிவிட்டுப் போவது.

'ஆங்கிலேயச் சாவி' என்பது என்ன?

வாயின் அகலத்தைத் திருகிக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஸ்பேனர். இத்தாலியம், ஸ்பானியம், போர்த்துகீசியம், கத்தலான் ஆகியவை இதை 'ஆங்கிலேயச் சாவி' என்கின்றன; பிரெஞ்சிலும் அந்த வழக்கு உண்டு. ருமேனியர்கள் மட்டும் 'பிரெஞ்சுச் சாவி' என்கிறார்கள். ஒவ்வொரு நாடும் அந்தக் கருவியை யாரோடு சேர்த்து எண்ணியது என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது.

ருமேனியத்தில் இன்னொரு பொருளும் உண்டு. 'கேயே'யின் பன்மையான 'கெய்' என்பது, செங்குத்தான பாறைச் சுவர்களுக்கிடையே ஆறு ஓடும் குறுகிய பள்ளத்தாக்கைக் குறிக்கும். திரான்சில்வேனியாவின் 'கெயிலே துர்ஸீ' அவ்வகைப் பள்ளத்தாக்குகளில் ஒன்று.

இசைக்கும் சாவிக்கும் என்ன தொடர்பு?

இடைக்கால இசைநூல்களில், சுரங்களைக் குறித்த லத்தீன் எழுத்துகளுக்குச் 'சாவிகள்' என்று பெயர் இருந்தது. சுரத்தின் இடத்தைத் திறந்து காட்டுவதால் அப்பெயர் பொருந்தியது. 11ஆம் நூற்றாண்டில் அரெட்சோவின் குயீதோ கோடுகளில் சுரம் எழுதும் முறையைச் சீராக்கினார். கோட்டின் தொடக்கத்தில் இடப்பட்ட எழுத்தே 'சாவி' ஆகி, இன்றைய இசைக்குறியாக உருமாறியது. சுருண்டு நிற்கும் அந்த அழகிய குறி உண்மையில் 'ஸோல்' (sol) என்னும் மேனாட்டுச் சுரத்துக்குரிய லத்தீன் எழுத்தின் அலங்கார வடிவம். தேவாலய ஆர்கனின் கட்டைகளிலும் அதே எழுத்துகள் எழுதப்பட்டதால், கட்டைக்கும் அப்பெயர் சென்றது.

பிரெஞ்சில் 'க்ளாவியே' முதலில் சாவிக்கொத்தை வைத்திருக்கும் வளையத்தைக் குறித்து, பின்னர் இசைக்கருவியின் கட்டை வரிசையையும், இன்று கணினியின் விசைப்பலகையையும் குறிக்கிறது. ஜெர்மானியர் அதைக் கடன் வாங்கிப் பியானோவுக்கே பெயராக்கிக்கொண்டார்கள்.

கணுக்காலுக்கும் இதே சொல்லா?

ஆம். மேலே சொன்ன 'கிளாவிகுலா', அதாவது 'சிறு சாவி', பேச்சில் இரண்டு லகரங்களைத் தாங்க முடியாமல் முதல் லகரத்தை இழந்து 'காவிகுலா' ஆயிற்று. அதிலிருந்து பிரெஞ்சில் 'ஷெவீய்' என்ற சொல் பிறந்தது. முதலில் அது மரமுளை. பிறகு முளைபோல் புடைத்து நிற்கும் கணுக்கால். இத்தாலியத்தின் 'காவீல்யா' ஆக்சித்தான் வழியாக அங்கே வந்து அதே கணுக்காலைக் குறிக்கிறது. பிரெஞ்சு மருத்துவர் நூல்வழியில் எடுத்த 'க்ளாவிக்யூல்' கழுத்தெலும்பாக மேலேயே நின்றுவிட, மக்கள் வாயில் தேய்ந்த அதே சொல் காலடிக்கு இறங்கிவிட்டது. சொற்களின் வரலாற்றில் நான் மிகவும் விரும்பும் இணைகளில் இதுவும் ஒன்று.

ஆணியும் சாவியும் குழம்புவதில்லையா?

கத்தலானில் இரண்டும் 'க்ளௌ'தான். பெண்பாலில் வந்தால் சாவி, ஆண்பாலில் வந்தால் ஆணி. முன்னே நிற்கும் சுட்டுச்சொல்தான் வேறுபாட்டைக் காட்டும். ஸ்பானியத்தின் 'கிளாவோ'வும் போர்த்துகீசியத்தின் 'க்ராவு'வும் ஆணியையும், ஆணி வடிவில் இருப்பதால் கிராம்பையும் குறிக்கின்றன. இத்தாலியம் கற்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: 'கியாவே'யிலிருந்து 'பூட்டுதல்' என்ற வினையை நீங்களாகவே ஆக்கிக்கொள்ளாதீர்கள். அப்படி ஒலிக்கும் வினை ஆணியடித்தலிலிருந்து வந்தது. இன்று அவையில் சொல்லத் தகாத பொருளில் வழங்குகிறது.

போப்பாண்டவரைத் தேர்ந்தெடுக்கும் 'கான்க்ளேவ்' இதிலிருந்து வந்ததா?

ஆம். லத்தீனில் அது 'சாவியிட்டுப் பூட்டக்கூடிய அறை'. 1268 முதல் 1271 வரை விதெர்போ நகரில் நடந்த தேர்தல் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் இழுத்தது. அதில் தேர்வான பத்தாம் கிரகோரி, இனி கர்தினால்களைப் பூட்டிய இடத்தில் வைத்தே தேர்தல் நடத்த வேண்டும் என்று 1274இல் விதி செய்தார். எல்லா லத்தீன் வழிமொழிகளும் இச்சொல்லை நூல்வழியில் எடுத்ததால், 2025 மே மாதத் தேர்தலின்போது இத்தாலியச் செய்தித்தாள்களும் 'கொன்க்ளாவே' என்றே எழுதின. 'கியாவே'யின் ஒலி அதில் இல்லை.

போர்த்துகலில் உள்ள 'ஷாவெஸ்' நகரத்தின் பெயர் 'சாவிகள்' என்று பொருள்படுமா?

எழுத்தில் பார்த்தால் அப்படித்தான் தோன்றும், உண்மை அதுவன்று. ரோமானியர் காலத்தில் அந்த வெந்நீரூற்று நகருக்குப் ஃப்ளாவியர் என்ற பேரரசர் குலத்தின் பெயரால் 'அக்வே ஃப்ளாவியே' என்று பெயர் வைத்தார்கள். 'ஃப்ளாவியீஸ்' என்ற வடிவத்தின் தொடக்கம், 'ஃப்ளாம்மா' எவ்வாறு 'சாமா' ஆனதோ அவ்வாறே சகரமாகி, 'சாவெஸ்' ஆனது. சாவியும் குலப்பெயரும் ஒரே விதியால் தேய்ந்து ஒரே ஒலியில் சந்தித்துக்கொண்டன. வடிவ ஒற்றுமையை மட்டும் நம்பினால் எவ்வளவு எளிதாக வழிதவறலாம் என்பதற்கு இந்த நகரம் நல்ல சான்று.

தமிழ்ச் 'சாவி' போர்த்துகீசியத்திலிருந்து வந்தது என்பது உறுதியா? 'சாத்து' என்ற தமிழ் வினையிலிருந்து வந்திருக்கக் கூடாதா?

இக்கேள்வியைத் தமிழ்ப்பற்றுடன் கேட்பவர்களை மதிக்கிறேன். ஆயினும் விடை தெளிவானது. போர்த்துகீசியச் சொல்லின் பிறப்பு 'அழைத்தல்', 'நிறைந்த', 'சுடர்' ஆகிய சொற்களை ஆளும் அதே விதியால் முழுமையாக விளக்கப்படுகிறது. எனவே அது தமிழிலிருந்து அங்கே போயிருக்க முடியாது. இந்தியாவோடு கடல் வாணிகம் செய்யாத கலீசிய மொழியிலும் அதே சொல் அதே வடிவில் இருக்கிறது.

எதிர்த்திசையில் பார்த்தால், 1498இல் வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டையில் இறங்கிய பிறகே போர்த்துகீசியர் இக்கரையில் காலூன்றினர். அக்காலப் போர்த்துகீசியத்தில் இச்சொல் இன்றுபோல் ஷகரத்தில் தொடங்கவில்லை. 'பச்சை'யின் சகரத்தில் தொடங்கியது. அந்தப் பழைய ஒலிதான் மராத்தியிலும் குஜராத்தியிலும் 'சாவீ' என்றும், இந்தியில் 'சாபீ' என்றும் இன்றுவரை நிற்கிறது. லிஸ்பன் கைவிட்ட ஒலியை இந்திய மொழிகள் காத்து வைத்திருக்கின்றன. தமிழில் நாம் எழுத்தைக் காத்தோம். பேச்சில் பலர் மொழிமுதல் சகரத்தை மென்மையாக்கிவிட்டோம். 'சாத்து' என்ற வினையிலிருந்து பெயர் ஆக்குவதானால் தகரம் எங்கே போயிற்று, வகரம் எங்கிருந்து வந்தது என்பதற்கும் விடை சொல்ல வேண்டும்.

மேசை, ஜன்னல், அலமாரி ஆகியவையும் இதே வழியில் வந்த லத்தீன் வழிச் சொற்கள். லத்தீனில் அவை முறையே 'மென்சா', கதவைக் குறிக்கும் 'யானுவா'வின் சிறுமை வடிவம், 'அர்மாரியும்'.

பயிர் 'சாவியாகிவிட்டது' என்று உழவர்கள் சொல்கிறார்களே?

அது வேறு சொல். மணி பிடிக்காமல் பதராகிப்போன கதிரைக் குறிக்கும் அந்தச் 'சாவி', 'சா' என்ற தமிழ் வினையிலிருந்து வந்த நம் சொல். பூட்டின் சாவிக்கும் அதற்கும் எழுத்து ஒன்று என்பதைத் தவிர வேறு உறவில்லை. ஷாவெஸ் நகரத்தின் கதைதான் இதுவும்.

அப்படியானால் சாவிக்குத் தமிழ்ச் சொல்லே இல்லையா?

இருக்கிறது. 'திறவுகோல்' எழுத்துவழக்கில் இன்றும் உயிருடன் உள்ளது. மலையாளிகள் நாள்தோறும் சொல்லும் 'தாக்கோல்' தாழைத் திறக்கும் கோல் என்ற பழைய ஆட்சியே. இலங்கைத் தமிழர் சாவியைத் 'திறப்பு' என்கிறார்கள். யாழ்ப்பாணத்தைப் போர்த்துகீசியர் 1619 முதல் 1658 வரை நேரடியாக ஆண்டிருக்கிறார்கள். அங்கே மேசை இருக்கிறது, அலுமாரி இருக்கிறது, ஜன்னல்கூட 'யன்னல்' என்று உள்ளே வந்துவிட்டது. ஆனால் அந்த வீட்டின் கதவைத் திறக்க 'திறப்பு எங்கே?' என்றுதான் இன்றும் கேட்பார்கள்.